நடுவில் நிற்கிற மெட்டு

தியாகராஜாவின் குழப்பம் ஒரு பெயரில்தான் தொடங்கியது.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. லண்டன் நகரத்தின் நடுவே, வங்கிக் கட்டடங்களுக்கு இடையில் நசுங்கிக் கிடக்கிற ஒரு பழைய சிறு தேவாலயம். வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு தாளை நீட்டினார். வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்பில் பழங்கால வாத்தியம் பழகிய ஆறு பேர் அன்றைக்கு ஆளுக்கு ஒன்று வாசிக்கப் போகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் அதில் வரிசையாக அச்சாகியிருந்தன. மூன்றாவது பெயர், பெனிற்றா தியாகராஜா.

'இதார் என்ரை பேரோடை?' என்று ஒரு கணம் யோசித்தார். பிறகுதான் விளங்கியது, அது அவருடைய மனைவி.

சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருசமாக அவளை அவர் மலர் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் பிறந்தது யாழ்ப்பாணத்தில் ஒரு வேதக்காரக் குடும்பத்தில், கத்தோலிக்கர். படித்தது கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பள்ளிக்கூடத்தில். லண்டனுக்கு வந்து, ஓர் ஆங்கில வகுப்பில் தியாகராஜாவைக் கண்டு, இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போனபோது, தியாகராஜாவின் தாயார் இரண்டு நிபந்தனை போட்டார். தாலி சைவக் கோயிலில் கட்ட வேண்டும். பெண்ணுக்குச் சைவப் பெயர் வைக்க வேண்டும். "பேர்தானே மாமி, வையுங்கோ" என்றாளாம் பெனிற்றா. சிவமலர் என்று வைத்தார்கள். அன்றோடு பழைய பெயர் பாஸ்போர்ட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அதன் பிறகு அவளைப் பற்றித் தியாகராஜா பெருமைப்படாத நாள் இல்லை. கிங்ஸ்பரிப் பக்கத்துக் கோயிலில் நாலு பேர் கூடினால் போதும், தொடங்கிவிடுவார். "என்ரை மனுசி வேதத்திலை பிறந்தவ. ஆனால் வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் தொடமாட்டா. பின்னேரம் விளக்குக் கொளுத்தேக்கை ஒரு பண் முணுமுணுப்பா பாருங்கோ, அச்சாத் தேவாரம்!" அவருக்கு இசை ஞானம் துண்டாகக் கிடையாது. தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதற்கே பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பவர். ஆனாலும் அது தேவாரம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

முன் வரிசையில் உட்கார்ந்தார். பலிபீடத்துக்கு முன்னால் ஒரு மேசையில் நீளமான மரப்பெட்டி ஒன்று திறந்திருந்தது. வேர்ஜினல் என்று அதற்குப் பெயர். பார்வைக்குச் சின்னப் பியானோ மாதிரி இருந்தாலும் உள்ளே சுத்தியல் இல்லை. கட்டையை அழுத்தினால் ஒரு சிறு இறகுத் தண்டு எழுந்து கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும், வீணையில் விரல் செய்கிற வேலையைப் போல. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மலரை அந்த வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுபவர் அவர்தான். விட்டுவிட்டு வெளியே காரிலேயே இருந்து கோயில் வாட்ஸப் குழுவில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஆசிரியை ஹெலன், மெலிந்த உயரமான பெண், எழுந்து நின்று கதை சொல்லத் தொடங்கினார்.

ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் இந்த நாட்டில் எல்லாரும் பாப்பரசரின் வேதத்தில்தான் இருந்தார்கள். கோயில்களில் லத்தீனில் செபம். ஒரு அடியைப் பாடகர்கள் பாடுவார்கள், அடுத்த அடியை ஓர்கன் மட்டும் வாசிக்கும். அந்த வாசிப்புக்குள்ளே பாட்டின் மெட்டு நீண்ட நீண்ட சுரங்களாக நிற்கும். சுற்றிவர மற்ற விரல்கள் ஓடி விளையாடும். பிறகு ஒரு அரசன் தன் கலியாண விசயத்தில் பாப்பரசரோடு கோபித்துக்கொண்டு, இனி நான்தான் கோயிலுக்கும் தலைவன் என்றான். அவனுடைய மகன் காலத்தில் லத்தீன் செபத்தை நிறுத்தி ஆங்கிலத்தில் ஆக்கினார்கள். மூத்த மகள் வந்தாள், மறுபடி லத்தீன். இளைய மகள் வந்தாள், மறுபடி ஆங்கிலம். பல ஓர்கன்கள் பிடுங்கப்பட்டு, குழல்கள் உருக்கப்பட்டன. முப்பது வருசத்துக்குள் ஒரே மனிதன் ஒரே கோயிலில் நின்றபடி நாலு தரம் வேதம் மாற வேண்டியிருந்தது.

'கடவுளே, எங்கடை கோயில் நிர்வாகசபை பரவாயில்லை' என்று தியாகராஜா நினைத்துக்கொண்டார்.

ஹெலன் தொடர்ந்தார். கடைசியில் பழைய செபத்துக்குத் தடை வந்துவிட்டது. அரசியின் கோயிலுக்குப் போகாதவர்களுக்குத் தண்டம். குருமார் பெரிய வீடுகளின் சுவருக்குள் ஒளிந்திருந்தார்கள். ஆனால் ஓர்கன் வாசித்தவர்கள் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். எந்தக் கோயிலிலும் இனிப் பாட முடியாத அந்த மெட்டுகளை வைத்தே புதிது புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெட்டிகளில், வீட்டுக்குள், பெண்கள் அவற்றை வாசித்தார்கள். சொல் இல்லை, மெட்டு மட்டும். சொல் இல்லாத மெட்டை எந்தக் காவல்காரன் பிடிப்பான்?

"அப்படியென்றால் அது ஒளித்து வைத்த செபமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வேறு சிலர், அது மாணவருக்குக் கொடுத்த பயிற்சி, பழைய மெட்டு கைக்குப் பழகியிருந்தது, வேறொன்றும் இல்லை என்கிறார்கள். எழுதியவர்கள் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் வருசத்துக்கு ஒருக்கால் என் மனதை மாற்றிக்கொள்கிறேன்" என்று ஹெலன் சிரித்தார். "பெனிற்றா வாசிக்கப்போகும் இசைத் துண்டின் நடுவே ஒரு பழைய மாலைப் பாட்டின் மெட்டு இருக்கிறது. அதை மட்டும் முதலில் கேளுங்கள்."

ஒற்றை விரலால் வாசித்தார். அவசரமில்லாத மெட்டு. ஒரே படியில் சற்று நின்று, ஒரு படி ஏறி, யோசித்து, இரண்டு படி இறங்கியது.

தியாகராஜாவின் முதுகு நிமிர்ந்தது.

இசை ஞானம் இல்லாதவர்தான். ஆனால் முப்பத்தொரு வருசம் ஒரே மெட்டை வெள்ளிக்கு வெள்ளி கேட்டால் கல்லுக்கும் பாடமாகிவிடும். இது மலர் சாமியறையில் விளக்குக் கொளுத்தும்போது முணுமுணுப்பது. அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தேவாரம்.

மலர் எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்தாள். ஊதாச் சேலை, மூக்குக்கண்ணாடி, சேலைக்குள்ளே முழங்கால் நோவுக்குக் கட்டிய பட்டி. வாசிக்கத் தொடங்கினாள். வலது கை கிண்ணத்தில் கடலை கொட்டுவதுபோலச் சடசடவென்று ஓடியது. மற்றவர்கள் அந்த ஓட்டத்தைத்தான் ரசித்திருப்பார்கள். தியாகராஜாவுக்கு அது கேட்கவேயில்லை. நடுவில் நின்ற அந்த நீண்ட சுரங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண்கள் பாதி மூடி, வாய் கொஞ்சம் திறந்து. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கிற அதே முகம்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

வீட்டுக்குப் போகிற வழியில் பாதையையே பார்த்தபடி அவர் காரை ஓட்டினார். கடைசியில் அவளே கேட்டாள்.

"என்ன, ஒண்டும் சொல்லுறியள் இல்லை?"

"நல்லாயிருந்தது."

"ஒரு இடத்திலை விரல் தடுக்கினது. கவனிச்சனீங்களோ?"

"இல்லையே."

"அப்ப நித்திரைதான்."

"நித்திரை இல்லை மலர்." கேட்க வந்தது ஒன்று. வெளியே வந்தது வேறு. "நாளைக்குப் பூமாலைக்குச் சொல்லியாச்சோ?"

"வியாழக்கிழமையே சொல்லியாச்சு. சொன்னதே நீங்கள்தான்."

நாளைக்கு என்பது சும்மா நாளைக்கு அல்ல. கோயில் திருவிழாவில் ஐந்தாம் நாள் அவர்களுடைய உபயம். அன்றைய பூசை, பூ, படையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. புருசனும் பெண்சாதியுமாக ஐயருக்கு முன்னால் உட்கார்ந்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லி, அவர் சொல்லச் சொல்லச் சங்கற்பத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருசமாக அப்படித்தான் உட்கார்ந்து வருகிறார்கள். இத்தனை வருசமும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், மலரா, பெனிற்றாவா என்று தியாகராஜாவுக்கு இப்போது தெரியவில்லை. தெரியாமல் நாளைக்கு எப்படி உட்காருவது என்றும் தெரியவில்லை.

வீட்டில் மகள் கம்சிகா சமையலறை மேசையில் லாப்டொப்பை வைத்துக்கொண்டு பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. மலர் உடுப்பு மாற்ற மாடிக்குப் போனதும் தியாகராஜா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கம்சி, அம்மா விளக்குக் கொளுத்தேக்கை ஒரு பாட்டு முணுமுணுப்பா எல்லோ. அது என்ன பாட்டு?"

"சேர்ச் சோங். ஏன்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சின்னனிலை என்னை நித்திரையாக்கேக்கை சொல்லோடை பாடுவா. லத்தீன். நான் ஏதோ மந்திரம் எண்டு நினைச்சனான்."

"எனக்கேன் நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அப்பா, நீங்கள் எப்ப கேட்டனீங்கள்? நீங்கள்தானே எல்லாருக்கும் தேவாரம் தேவாரம் எண்டு சொன்னது. வீ தோட் யூ வேர் ஜோக்கிங்."

"நான் பகிடி விட்டனான் எண்டோ நினைச்சனீங்கள்?"

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு லாப்டொப்பை மூடினாள். "அப்பா, சீரியஸ்லி? நீங்கள் சீரியஸாத்தான் சொன்னனீங்களோ?"

"சரி, அதை விடு. பாட்டு எண்டால் போகட்டும். அவ வெள்ளிக்கிழமை மச்சம் தொடாமல் விரதம் பிடிக்கிறது எங்கடை முறைக்குத்தானே?"

கம்சிகா கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்பா... கத்தோலிக்கரும் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடமாட்டினம். ஜீசஸ் செத்த நாள் எண்டு."

தியாகராஜா அப்படியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். பாவம் மனிதர். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறவர்போல, முப்பத்தொரு வருசத்தை ஒவ்வொரு நாளாகத் திருப்பினார். வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. விளக்கு இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. திருநீறு மாதிரி நெற்றியில் சாம்பல் பூசுகிற ஒரு புதன்கிழமை வேதக்காரருக்கும் இருக்கிறதே! எதைத் தொட்டாலும் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டாளே என்று. ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக உறுத்தியது. இந்த வீட்டுக்குள், என் பக்கத்தில், அவள் முப்பத்தொரு வருசம் தனியாகவா இருந்திருக்கிறாள்?

பின்வளவுக்குப் போய் ஹவுன்ஸ்லோவில் இருக்கிற மைத்துனருக்குப் போன் எடுத்தார். கிறிஸ்துநாயகம், மலரின் தம்பி, விமான நிலையத்தில் பொதி ஏற்றும் பகுதியில் வேலை.

"நாயகம், ஒரு விசயம் கேட்டால் மறைக்காமல் சொல்லோணும். அக்கா உங்கடை கோயிலுக்கு வாறவவோ? எனக்குத் தெரியாமல்?"

"என்ன அத்தான், விசர்க்கதை கதைக்கிறியள்? கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் எங்கடை பூசைக்கு வந்திருப்பாவோ? யேசு பிறந்த நத்தாருக்குக்கூட இல்லை. எங்கடை அம்மா சாகும்வரைக்கும் அதையே சொல்லி அழுதவ. முழுக்க உங்கடை பக்கம் போயிட்டா எண்டு."

"அப்ப அவ முழுக்க எங்கடை பக்கமோ?"

"பின்னை? நீங்கள்தானே கொண்டுபோனது."

"அவ வீட்டிலை உங்கடை பாட்டுப் பாடுறா, நாயகம்."

பின்னணியில் ஒரு விமானம் எழும்பிப் போனது.

"எந்தப் பாட்டு?"

தியாகராஜா சுற்றிவரப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனுக்குள் அதைப் பாடிக்காட்ட முயன்றார். வாழ்க்கையில் முதல் தரம் பாடுகிறார்.

"அத்தான், உது என்ன, அம்புலன்ஸோ?" என்று கிறிஸ்துநாயகம் சிரித்தார். திரும்பப் பாடச் சொன்னார். மூன்றாம் தரம் சிரிப்பு நின்றுவிட்டது. "சிஸ்டர்மார் பின்னேரத்திலை பாடுறது. விடுதியிலை. அக்கா அதை இன்னும் வைச்சிருக்கிறாவோ?" பிறகு, "ஏன் அத்தான், அக்கா எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்றார். தியாகராஜா மகளிடம் கேட்ட அதே கேள்வி.

உள்ளே வந்தபோது யன்னலில் இன்னும் வெயில் இருந்தது. கோடைகாலத்து நீண்ட பின்னேரம். மலர் சாப்பாட்டு மேசை முழுவதும் தட்டங்களைப் பரப்பி, சுவாமிக்குச் சாத்தும் பட்டு, பழங்கள், வெற்றிலை எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மலர்."

"ம்."

"அந்தப் பெட்டியிலை வாசிச்சது, நீர் இஞ்சை விளக்குக்கு முன்னாலை பாடுறதுதானே?"

அவளுடைய கை நின்றது. பிறகு மெல்லச் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டியளோ? சங்கீதம் ஏறாத மனுசன் எண்டு துணிஞ்சு வாசிச்சன். ரெண்டு இடத்திலை நாங்கள் பாடுறதைவிட வேறை மாதிரிப் போகும். இந்த நாட்டு வழக்கமாம். அதாலை தெரியவராது எண்டு இருந்தன்."

"பகிடி விடாதையும். நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லும். இத்தனை வருசமாய் நீர் ஆரைக் கும்பிட்டனீர்?"

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நோகிற முழங்காலை நீட்டிக்கொண்டாள்.

"முதல் வருசம் நல்லாத் தெரியும்" என்றாள். "உங்கடை அம்மா பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பா. என்ரை கையிலை நெருப்புப்பெட்டி. தேவாரம் ஒண்டும் தெரியாது. நடுக்கத்திலை என்ன வாயிலை வந்ததோ அதைப் பாடினன். சொல்லைச் சொன்னால் மாமி பிடிச்சிடுவா. அதாலை சொல்லை விழுங்கிப்போட்டு மெட்டை மட்டும். அது செபம்தான். அதிலை ஒளிக்க ஒண்டும் இல்லை."

"பிறகு?"

"பிறகு மாமி கண்ணை மூடிட்டா. பயம் இல்லை. சொல்லோடை பாடியிருக்கலாம். பாடிப் பாத்தன். பாதிச் சொல்லு மறந்துபோச்சு. மெட்டு மட்டும் நிண்டிட்டுது. அதுக்கிடையிலை பிள்ளையாரும் பழகிட்டார். அவருக்கு முன்னாலை நிண்டால் அது வருது. வேறை இடத்திலை நிண்டால் வருகுதில்லை."

"அப்ப இப்ப அது செபமோ, பழக்கமோ?"

"ஹெலனும் இதைத்தான் கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"தெரியேல்லை எண்டன்."

தியாகராஜாவுக்குப் பொறுமை போனது. "தெரியேல்லை எண்டால்? ஒரு ஆளுக்குத் தான் ஆரைக் கும்பிடுறன் எண்டு தெரியாமல் இருக்குமோ? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது? நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் அது தேவாரம் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள். கோயிலிலை ஒரு அம்மா வந்து, 'பிள்ளை, என்ன பண் பாடுறீர்?' எண்டு கேக்கிறா. நான் இல்லை எண்டு சொன்னால் ஆருக்கு வெக்கம்? உங்களுக்குத்தானே. ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

அவருடைய முகம் சிவந்துபோயிற்று. தன் பெருமைப் பேச்சுத்தான் அவளுடைய வாய்க்குப் பூட்டு என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மேசைமேல் சரிந்திருந்த ஒரு வெற்றிலையை எடுத்து அடுக்கில் வைத்தார்.

"தனிச்சுப் போனீரோ, மலர்?"

அவள் உடனே 'இல்லை' என்பாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

"சில நேரம்" என்றாள். "நத்தார் நாளிலை நாயகம் வீட்டிலையிருந்து கேக் வரும். நீங்களும் கம்சியும் தின்னுவியள். நான் கேக் வந்த கோப்பையைக் கழுவித் துடைச்சுத் திருப்பிக் குடுத்துவிடுவன். அண்டைக்கு மட்டும் கொஞ்சம்."

அவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, சொல்லக்கூடாததைச் சொன்னார். "அப்ப நாளைக்கு நீர் வரவேணும் எண்டு இல்லை. நான் தனிய இருக்கிறன். உம்மைக் கட்டாயப்படுத்தி..."

மலர் எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வருவது வருசத்தில் ஒருநாள். அந்த நாள் இன்றைக்குத்தான்.

"இருபத்திரண்டு வருசம் உங்கடை பக்கத்திலை இருந்தது பொய் எண்டு நினைக்கிறியளோ?"

"அதைத்தானே கேக்கிறன்."

"கேக்காதையுங்கோ! எது மெய், எது பொய் எண்டு தேங்காய் மாதிரி உடைச்சு ரெண்டாய் வைக்க எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலுமெண்டால் உங்கடையை முதலிலை உடைச்சுக் காட்டுங்கோ." கைத்துவாயை மேசையில் போட்டுவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். தியாகராஜா அந்தத் தட்டங்களுக்கு நடுவில் நின்றார். 'என்ரையை உடைக்க என்ன இருக்குது? நான் பிறந்ததிலையிருந்து சைவம்தானே' என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

விடிந்தது. அவள் வருவாளோ, மாட்டாளோ என்று தெரியாமல் வேட்டியைக் கட்டிக்கொண்டு கீழே வந்தார். மலர் அரக்குக் கூறைச் சேலையோடு, தட்டங்களை வாசலில் அடுக்கி முடித்துவிட்டு நின்றாள். "கார்த் திறப்பு உங்கடை கையிலை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பின் இருக்கையில் கம்சிகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயிலில் நல்ல சனம். மேளம், சாம்பிராணிப் புகை, ஒரு குழந்தையின் அழுகை. ஐயர் இருவரையும் மண்டபத்தில் உட்காரவைத்து, தியாகராஜாவின் விரலில் தர்ப்பை மோதிரத்தைப் போட்டார். மலர் வழக்கம்போல அவருடைய வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். அந்த விரல்களில் நேற்றைய கோபம் இன்னும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்லியதாக, சூடாக இருந்தன.

"பேர்?"

"தியாகராஜா, அத்தம்" என்று தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

"அம்மாவுக்கு?"

ஒவ்வொரு வருசமும் இந்த இடத்தில் அவர்தான் சட்டென்று சொல்வார். இந்த முறை எந்தப் பெயரைச் சொல்வது? மலரே முன்னால் குனிந்து, "சிவமலர். ரோகிணி" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை.

ஐயர் தொடங்கினார். "நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்கோ." ஒரு வரி சொன்னார். தியாகராஜா சொன்னார். இரண்டாவது வரி. சொன்னார். ஆனால் கண் கடைவழியாக மலரின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அசைகிறதா? அசைகிறது. ஐயர் சொல்வதைத்தான் சொல்கிறாளா, வேறெதையாவதா? மேளச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சற்றே தலையைச் சாய்த்தார், கேட்டுவிடலாமோ என்று.

அப்போதுதான் தெரிந்தது, ஐயரின் குரல் நின்றிருக்கிறது. ஐயர் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

தியாகராஜாவின் தலைக்குள் ஒன்றும் இல்லை. பழைய வருசங்களில் இந்த வரியை எப்படிச் சொன்னேன் என்று நினைவைத் துழாவினார். நினைவில் வந்ததோ, போன வருசம் இதே இடத்தில் இருந்துகொண்டு காரை நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் விட்டுவிட்டேனே என்று தவித்தது. அதற்கு முந்திய வருசம், பொருளாளரை முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள் என்று குமைந்தது. அதற்கு முந்தியது, படையலுக்கு மோதகம் பத்துமோ என்று. இருபத்திரண்டு வருசத்தில் ஒரு வருசமாவது இந்த வரியை இந்த வரியாகச் சொன்ன ஞாபகம் இல்லை. வியர்த்தது. நேற்று அவளிடம் கேட்ட கேள்வியை இப்போது யாராவது தன்னிடம் கேட்டால்?

முழங்கையில் விரல்கள் லேசாக அழுத்தின. காதருகே மலரின் குரல் வந்தது. மூன்றாவது வரியை எழுத்துப் பிசகாமல், ஐயர் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அடுத்த வரியும் நழுவியது. அதையும் அவள் எடுத்துக் கொடுத்தாள். அதற்கு அடுத்ததை, ஐயர் வாயைத் திறக்க முதலே, அரை அடி முன்னால். ஐயர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தானும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அவள் சொல்லத் தியாகராஜா சொன்னார். ஒரு வரியையும் விடவில்லை. யாருக்காக அவள் சொல்கிறாள் என்று கேட்க இப்போது அவருக்கு நேரம் இல்லை. தன் வரியைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

பூசை முடிந்து பிரசாதத்தோடு ஓரமாக நின்றார்கள்.

"எங்கை பராக்குப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?" என்றாள் மலர்.

"உம்மைத்தான்."

"வடிவான கதை. சுவாமிக்கு முன்னாலை." நெற்றியில் வழிந்திருந்த அவருடைய வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். "இவ்வளவு நாளும் அது பாடமில்லையோ உங்களுக்கு?"

"இல்லை."

"அப்ப வருசா வருசம்?"

"வாய் மட்டும் சொல்லும். மனம் எங்கையோ நிக்கும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பா, இரக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "எனக்கு வாய் ஒண்டு பாடும், மனமும் அங்கைதான் நிக்கும். அங்கை ஆர் எண்டதுதான் சிக்கல்" என்றாள்.

"நீர் எனக்கு அதைப் பாடமாக்கித் தாரும்" என்றார் தியாகராஜா.

"எதை? ஐயருடையதையோ, என்ரையையோ?"

அவர் கையிலிருந்த பிரசாதத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கம்சிகா, "ஓ மை கோட், அப்பா, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ. லைனை மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்றாள்.

"ரெண்டையும்" என்றார் அவர்.